பட்டன் போனா, ஈஸி மோடா, குரலா? வீட்டுப் பெரியவர்களுக்கு எது தோது?

மகன் கட்டாரில், மகள் சுவிஸில், வயதான தாய் ஆரையம்பதியில் அல்லது ஏறாவூரில். மட்டக்களப்பில் இப்படி எத்தனையோ வீடுகள். அந்தத் தாய்க்கு என்ன போன் வாங்கலாம் என்று கேட்டால், "பட்டன் போன் போதும்" என்பதுதான் உடனே வரும் பதில்.

அதில் நியாயம் இருக்கிறது. பொத்தான் அமுங்கியது விரலுக்கே தெரியும். சார்ஜ் நாள்கணக்கில் நிற்கும். அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழைக்க அதுவே கைகொடுக்கும். ஆனால் பேரப்பிள்ளையின் முகத்தை அதில் பார்க்க முடியாது. எனக்கு அந்த ஒரு காரணமே போதும், ஸ்மார்ட் போன் பக்கம்தான் நிற்பேன்.

ஆனால் கடையில் வாங்கியபடியே கொடுத்துவிடக் கூடாது. சாம்சங் போன்களில் 'ஈஸி மோட்' இருக்கிறது. அதைப் போட்டால் ஐகன்களும் எழுத்தும் பெரிதாகும், அழுத்திப் பிடிப்பதற்கான நேரமும் கூடும். இந்த இரண்டாவதுதான் முக்கியம். வயதானவர்கள் திரையைத் தொட்டால் விரலை உடனே எடுப்பதில்லை. போன் அதை அழுத்திப் பிடித்ததாக எடுத்துக்கொள்ளும், ஐகன் இடம் மாறும். "போன் பழுதாப் போச்சு மகன்" என்று பயந்து மூடி வைத்துவிடுவார்கள். ஆகவே ஐகன்கள் இடம் மாறாதபடி முகப்புத் திரையின் அமைப்பையும் பூட்டிவிடுங்கள்.

மருதமுனைத் தறியிலும் வயலிலும் காய்த்துப்போன விரல்களைத் தொடுதிரை பலவேளை உணர்வதே இல்லை. அவர்களுக்காக போன் செட்டிங்ஸில் அணுகல்தன்மை (Accessibility) பகுதியில் ஒரு வசதி உண்டு: சத்தம் கூட்டும் பொத்தானை அமுக்கினால் சாதாரண கோலுக்குப் பதில் சொல்லலாம். கை நடுங்குபவர்களுக்கு, அடுத்தடுத்துப் படும் தொடுகைகளைக் கணக்கில் எடுக்காமல் விடும் வசதியும் அங்கேயே இருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து பழைய ஐபோன் வந்திருந்தால், 2023இல் ஐஓஎஸ் 17உடன் வந்த 'அசிஸ்டிவ் அக்சஸ்' ஈஸி மோடைவிடக் கட்டுக்கோப்பானது. தேவையான சில பெரிய கட்டங்கள் மட்டும் தெரியும். மறதி உள்ளவர்களுக்கு இதையே சொல்வேன். ஆனால் வாட்ஸ்அப்பைத் திறந்தால் உள்ளே வழமையான வாட்ஸ்அப்தான்.

குரலா? பேசுவதை எழுத்தாக்கும் கூகுளின் தமிழ்க் குரல் தட்டச்சு 2017இல் வந்தது, இலங்கைத் தமிழுக்கும் தெரிவு உண்டு. சரி, ஆனால் நம்மூர்ப் பேச்சைப் பிழையாக எழுதினால், கண் மங்கியவர் அதை எப்படிச் சரிபார்ப்பார்? அவருக்கு வொய்ஸ் மெசேஜே மேல்.

பட்டன் போன் பழகியவரிடமிருந்து அதைப் பறிக்காதீர்கள். ஈஸி மோட் போட்ட போன் வீடியோ கோலுக்கு, பழையது 1990க்கு என்று இரண்டும் வீட்டில் இருக்கட்டும்.