பரிணாமப் பாடத்துக்கு எந்தத் தீவுப் பறவை: ஃபிஞ்ச்சா, கருப்பு ராபினா?

கடலூரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் டியூஷன் எடுக்கிறேன். தீவுப் பறவை உதாரணம் ஒன்றைத்தான் விரிவாக நடத்த நேரம் கிடைக்கும். ரொம்ப நாளாக கலாபகஸ் ஃபிஞ்ச் குருவிதான் நடத்தினேன். போன வருஷம் நியூசிலாந்துப் பக்கம் சாத்தம் தீவுகளின் கருப்பு ராபினுக்கு மாறிவிட்டேன்.

ஃபிஞ்ச் கதை தெரிந்ததுதான். கலாபகஸில் உள்ள டாப்னி மேஜர் தீவில் உயிரியல் ஆய்வாளர்களான கிராண்ட் தம்பதி 1973 முதல் குருவிகளின் அலகை அளந்து வந்தார்கள். 1977 வறட்சியில் சின்ன விதைகள் தீர்ந்துபோக, நெருஞ்சி இனத்துச் செடியின் கெட்டிக் காயை உடைக்க முடிந்த பெரிய அலகுக் குருவிகளே அதிகம் தப்பின. தேவனாம்பட்டினத்தில் பொறுக்கிய நெருஞ்சி முள்ளைக் குறட்டால் உடைக்கச் சொன்னால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். ஆனால் பரீட்சைத் தாளில் பாதிப் பேர் 'வறட்சியால் அலகு வளர்ந்தது' என்று எழுதிவைக்கிறார்கள். எந்தக் குருவிக்கும் அலகு வளரவில்லை, பெரிய அலகு முன்பே கூட்டத்தில் இருந்தது, சிறியவை செத்துப்போயின. எத்தனை முறை சொன்னாலும் இந்தத் தப்பு போகவில்லை, நான் மாறியதற்கு முழுக் காரணமும் இதுதான்.

ராபினில் அந்தக் குழப்பம் வருவதில்லை. 1980-ல் உலகத்திலேயே 5 பறவைகள்தான் மிச்சம். அதில் குஞ்சு பொரித்து வம்சம் வளர்த்த பெட்டை 'ஓல்ட் புளூ' ஒன்றுதான், இன்றைக்கு உள்ள 200-க்கும் மேற்பட்ட ராபின்களும் அதுவும் அதன் ஜோடி ஆணும் தந்த வாரிசுகள். நியூசிலாந்துப் பறவைப் பாதுகாவலர் டான் மெர்ட்டனின் குழு முட்டைகளை எடுத்து டாம்டிட் என்ற வேறு குருவியிடம் அடைக்கு வைத்துப் பெருக்கியது. இதற்கிடையே சில பெட்டைகள் கூட்டின் குழியில் இடாமல் விளிம்பில் முட்டையிட்டன. அப்படியே விட்டால் அது பொரியாது. ஒவ்வொரு முட்டையும் உயிர் மாதிரி இருந்த நேரம், அதனால் உள்ளே நகர்த்தி வைத்தார்கள்; நாமும் அதைத்தான் செய்திருப்போம். அந்தப் பழக்கம் பரம்பரையாக வருவது; நகர்த்திய முட்டைக் குஞ்சுகளும் பிழைத்துப் பெருகியதால், 1984-லிருந்து 1989-க்குள் பாதிக்கு மேற்பட்ட பெட்டைகள் விளிம்பில் இட ஆரம்பித்துவிட்டன! நகர்த்துவதை நிறுத்திய பிறகு அந்தப் பழக்கம் குறைந்தது.

வகுப்பில் தேங்காய் நாரில் கூடு செய்து, சாயம் பூசிய புளியங்கொட்டையை விளிம்பு முட்டையாக வைத்தோம். ஒரு குழு உள்ளே தள்ளியது, இன்னொன்று தள்ளவில்லை. நாலைந்து தலைமுறை ஆடியதும் முதல் குழுவின் கூடெல்லாம் சாயக் கொட்டை. பறவை ஆசைப்பட்டு மாறியது என்று அப்புறம் யாரும் எழுதவில்லை.

ஒரு மாணவி கேட்டாள்: "சார், ஒரே வம்சம்னா கூமுட்டைதானே ஆகும்? எங்க ஆயா வேற ஊர் சேவல் வாங்கித்தான் விடுவாங்க."

ஆயா செய்வது சரிதான். மரபணு வேறுபாடு மிகக் குறைந்தும் ராபின் பெருகிவிட்டது, ஆனால் நாளைக்குப் புது நோய் வந்தால் தாங்கக் கையிருப்பு குறைவு. ஃபிஞ்ச்களுக்கோ பக்கத்து இனத்தோடு அவ்வப்போது கலப்பதால் வேற ஊர் சேவல் தானாகவே வந்துவிடுகிறது.

ஒரு வருஷ அனுபவம்தான், அதுவும் இருபது பிள்ளைகளோடு. பாடப்புத்தகத்தில் ஃபிஞ்ச் இருப்பதால் அதை விடவும் முடியாது. இந்த வருஷமும் நெருஞ்சி முள்ளோடு அதற்குக் கால் மணி நேரம், மீதி வகுப்பு ராபினுக்கு.