மிசோரி: அணி மாறிய முடிவும் ஆட மறுத்த முடிவும்

மிசோரி பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து ரசிகர்களைப் பிளவுபடுத்திய முடிவுகள் இரண்டு. 2012இல் நிர்வாகம் பிக் 12 கூட்டமைப்பை (பல்கலைக்கழக அணிகள் தமக்குள் மோதும் குழு) விட்டுத் தென்கிழக்குக் கூட்டமைப்பில் சேர்ந்தது. ஒளிபரப்பு வருவாய் கூடியது, ஆனால் பிக் 12இலேயே தங்கிவிட்ட கான்சஸ் அணியுடன் 1891இல் தொடங்கிய மோதல் 2025 வரை நின்றுபோனது.

2015 நவம்பரிலோ முடிவெடுத்தவர்கள் வீரர்களே. வளாக இனவெறியைக் கண்டித்து மாணவர் ஒருவர் உண்ணாவிரதம் இருக்க, பல்கலைக்கழகத் தலைவர் டிம் வுல்ஃப் விலகும்வரை களமிறங்கப்போவதில்லை என்று கறுப்பின வீரர்கள் அறிவித்தனர். பயிற்சியாளர் கேரி பிங்கல் துணைநின்றார். விளையாட்டில் அரசியல் கூடாதென அவர்களைச் சாடியவர்கள், பணத்துக்கான கூட்டமைப்பு மாற்றத்தை அரசியலாகக் கருதாதது (எனக்கு இது விந்தையாகவே படுகிறது) கவனிக்கத்தக்கது. பிரிகம் யங் பல்கலைக்கழக அணியுடனான அடுத்த ஆட்டத்தைக் கைவிட்டிருந்தால் 10 லட்சம் டாலர் இழப்பீடு தரவேண்டியிருக்கும். இரண்டே நாளில், நவம்பர் 9 அன்று, வுல்ஃப் விலகினார்.