வாளித் தண்ணீரில் ஊறிய சாம்பிளை நம்பி வினைல் தரை போட்டேன்

எங்கள் வீடு சென்னை மடிப்பாக்கத்தில், தரைத்தளம், பழைய மொசைக். மழைக்காலம் வந்தால் தரை வேர்த்துக் கொட்டும். அம்மா இரண்டு தடவை வழுக்கி விழப் பார்த்தார். உடைத்து டைல்ஸ் போடத் தெம்பில்லை. மேலேயே ஒட்டிவிடலாம் என்று வினைல் பலகைக்குப் போனோம். பெயர்தான் பலகை, மெல்லிய பிளாஸ்டிக் பட்டைதான் அது.

கடைக்காரர் ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போட்டு வைத்திருந்தார். "ஆறு மாசமா உள்ளயே கெடக்கு சார். 100 சதவீதம் வாட்டர்ப்ரூஃப்." சாம்பிள் 2 மி.மீ. கனம், தேய்மானம் தாங்கும் மேல்படலம் 0.3 மி.மீ. என்றார். ஒட்டுக்கூலி சேர்த்துச் சதுர அடி 85 ரூபாய். தரை வேர்க்கும் விஷயத்தை நானே வாய்விட்டுச் சொன்னேன். "அதுக்குத்தானே சார் இதப் போடுறதே!" அந்தப் பதிலில் மயங்கித்தான் அட்வான்ஸ் கொடுத்தேன்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை இரண்டு பையன்கள் வந்தார்கள். துடைப்பத்தால் கூட்டினார்கள், வெள்ளைப் பசையை ஊற்றி இழுத்தார்கள், அது காய்ந்து பிசுபிசுப்புக்கு வருவதற்குள் பலகையை வைத்து அழுத்திக்கொண்டே போனார்கள். மொசைக் இடுக்குகளை அடைத்து லெவல் செய்ய வேண்டாமா என்றேன். "தேவையில்ல சார்." நாலு மணிக்கெல்லாம் வேலை முடிந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

மொத்தம் 330 சதுர அடி. ஒரு பெட்டிக்கு 36 சதுர அடி. வெட்டுச் சேதாரம் 10 சதவீதம் வைத்தாலும் 11 பெட்டி தாராளம். கடைக்காரர் போட்ட கணக்கில் 12 பெட்டி, 432 சதுர அடி, 36,720 ரூபாய். கூலியும் அதே 432-க்குத்தான். ஒட்டாத இடத்துக்கும் ஒட்டுக்கூலி! மறுநாள் மாடிப்படிக்குக் கீழே கிடந்த காலி அட்டைப்பெட்டிகளை எண்ணினேன். பத்து. மிச்சம் இரண்டும் வந்த ஆட்டோவிலேயே திரும்பிப் போயிருக்கின்றன.

நவம்பர் மழையில் ஹால் ஓரத்துப் பலகைகள் வாய் பிளந்தன. தூக்கிப் பார்த்தால் அடியில் பசை கஞ்சி மாதிரி இளகி, புழுங்கிய நாற்றம். பக்கத்து வீட்டு அண்ணன் லேத் பட்டறை வைத்திருப்பவர். ஒரு துண்டை, கனம் அளக்கும் வெர்னியர் கருவியில் வைத்தார். 1.5 மி.மீ. கடையில் காட்டியது ஒன்று, பெட்டியில் வந்தது வேறொன்று.

கடைக்காரருக்குப் போன் செய்தால், "ஓவரா மாப் போட்டிருப்பீங்க சார்." வாட்டர்ப்ரூஃப் என்றீர்களே? "அது மேலேர்ந்து வர்ற தண்ணிக்கு."

அதுதான் விஷயம். பலகைக்குத் தண்ணீரால் ஒன்றும் ஆகாது, வாளியில் கிடந்தது உண்மைதான். வாளியில் பசை இல்லையே! எங்கள் பக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதி. மழையில் நிலத்தடி நீர் மேலேறும், அந்த ஈரம் காங்கிரீட் வழியாகத் தரைக்கு வரும். முன்பு காற்றில் உலர்ந்துகொண்டிருந்ததை நான் காசு கொடுத்து மூடி வைத்தேன். நீரில் கரைத்துச் செய்யும் மலிவான பசை ஈரத்தில் ஊறினால் மறுபடி இளகிவிடும்.

தரைத்தளத்தில் இருப்பவர்கள் ஒட்டும் முன் ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுத் தரையில் ஒட்டி, ஒரு நாள் விட்டு உரித்துப் பாருங்கள். உள்பக்கம் நீர் கோத்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ பலகையைப் பற்றிப் பேசவே வேண்டாம். வெயில் காலத்தில் பார்த்துவிட்டுச் சரி என்று முடிவு கட்டாதீர்கள், மழையில் ஒரு முறை பாருங்கள். பெட்டியைப் பிரிக்கும்போது கூடவே நின்று, சாம்பிளோடு ஒப்பிட்டு, எண்ணி வாங்குங்கள். பிரிக்காத பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று முன்பே எழுதி வாங்குங்கள்.

நான் செய்த பெரிய முட்டாள்தனம் பில். ஜிஎஸ்டி பில் என்றால் 18 சதவீதம் கூட என்றதும் துண்டுச்சீட்டே போதும் என்று வந்துவிட்டேன். அதில் கடைப் பெயர்கூட இல்லை. கையில் இருப்பது ஜிபேயில் பணம் போன பதிவும் வாட்ஸப்பில் அவர் அனுப்பிய சாம்பிள் படமும்தான். அவற்றை வைத்து நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். கடைக்காரர் இப்போது என் போனை எடுப்பதில்லை.

பலகையை எல்லாம் பெயர்த்தாகிவிட்டது. மொசைக்கில் படிந்த பசையைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுகிறேன். பெட்ரூம் முடிந்தது, ஹாலில் இன்னும் பாதி பாக்கி.