மந்திரியும் மாண்டரினும்

மாண்டரின் என்றால் சீன மொழி என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் அந்தச் சொல் சீனாவில் பிறந்ததல்ல. நம் 'மந்திரி'யின் உடன்பிறப்பு அது! சமஸ்கிருத 'மந்திரின்' தமிழில் மந்திரி ஆனது, மலாயில் 'மென்தெரி' ஆனது. 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியர் மலாய்ச் சொல்லை 'மந்தரிம்' ஆக்கினார்கள். அவர்கள் மொழியில் 'மந்தார்' என்றால் கட்டளையிடுவது. அதன் சாயலும் இதில் ஒட்டிக்கொண்டது.

பொருளில்தான் இரண்டும் பிரிகின்றன. மந்திரி அரசனுக்கு ஆலோசனை சொல்பவர். இன்று தேர்தலில் வென்று பதவிக்கு வருபவர். மாண்டரினோ, தேர்வு எழுதிப் பதவிக்கு வந்த சீனப் பேரரசின் அதிகாரி. அந்தத் தேர்வுமுறை 1905 வரை இருந்தது. நம் ஐஏஎஸ் அதிகாரியோடு ஒப்பிட்டால் இன்னும் பொருந்தும். பிரிட்டனில் மூத்த அரசு அதிகாரிகளை இன்றும் மாண்டரின்கள் என்கிறார்கள்.

மொழிக்குப் பெயர் வந்ததும் இந்த அதிகாரிகளால்தான். அவர்களின் பொதுப்பேச்சைச் சீனர்கள் 'குவான்ஹுவா', அதாவது அதிகாரிகளின் பேச்சு, என்றார்கள். ஐரோப்பியர் அதைத்தான் மாண்டரின் ஆக்கினார்கள். இன்று சீனாவில் அதன் தரப்படுத்திய வடிவத்துக்குப் 'புதொங்ஹுவா', பொதுமொழி, என்று பெயர். எனக்கு இந்தப் பெயர்தான் பிடிக்கிறது. அதில் பதவி வாசனை இல்லை. தைவானில் 'குவோயு', சிங்கப்பூரில் 'ஹுவாயு'.

மாண்டரின் ஆரஞ்சு? நம் கடைகளில் தோல் எளிதாக உரியும் கமலா ஆரஞ்சு அந்த இனம்தான்.