சவரக்கத்தி தீட்டக் கொடுப்பவர்கள் கவனம்: என் அம்மப்பாவின் கத்திக்கு நடந்தது

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வீட்டில் மடக்குச் சவரக்கத்தி வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அப்பா பாவித்தது, அப்பப்பா பாவித்தது என்று எத்தனையோ அலுமாரிகளில் இந்தக் கத்திகள் கிடக்கின்றன. இப்போது அவற்றைத் தேடி எடுத்து ஷேவ் எடுக்கப் பழகும் பொடியன்களும் இருக்கிறார்கள். "பழைய கத்தி, றேசர் எல்லாம் புதிசு போல ஆக்கித் தரப்படும்" என்று முகநூலில் படம் போட்டு ஆள் பிடிக்கும் கடை ஒன்றுக்கு என் அம்மப்பாவின் கத்தியைக் கொடுத்தேன். 4,500 ரூபாவும் கொடுத்தேன். இனி எந்தக் காலத்திலும் முகத்தில் வைக்க முடியாதபடி கெடுத்துத் தந்துவிட்டார்கள். கடையின் பெயரை இங்கே போடவில்லை. முறைப்பாடு போயிருக்கிறது, அது ஒரு முடிவுக்கு வரட்டும்.

கத்தியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் செஃபீல்டில் செய்த கத்தி. மாட்டுக்கொம்புப் பிடி. அலகின் அகலம் 16 மில்லிமீற்றர், பழைய கணக்கில் ஐந்தெட்டு அங்குலம். இரண்டு பக்கமும் குழிவாகக் கடைந்து, வாய்ப் பக்கம், அதாவது வெட்டும் விளிம்பு, கடதாசி போல மெலிந்திருக்கும். நகத்தால் சுண்டினால் மெல்லிய ஓசை வரும். கன்னத்தில் இழுக்கும்போது அதே ஓசை மயிரை அறுக்கும் சத்தத்தோடு சேர்ந்து கேட்கும். அம்மப்பா கல்லடியில் பள்ளிக்கூட வாத்தியார். காலையில் கிணற்றடியில் சுடுதண்ணீர்ச் செம்பை வைத்துக்கொண்டு, முன் விறாந்தைத் தூணில் கூரைச் சீராக்கும் தோல்வாரைக் கொளுவி, கத்தியை ஒரு பக்கம் இழுத்து, தடித்த முதுகில் உருட்டித் திருப்பி, மறுபக்கம் இழுப்பார். வாயின் மேல் உருட்டித் திருப்பினால் கூரும் போகும், வாரும் கிழியும். எனக்கு அவர் கற்றுத்தந்த முதல் பாடம் அதுதான். ஆறு வருடமாக நானும் அந்தக் கத்தியால்தான் ஷேவ் எடுத்து வந்தேன்.

பிழை என்னிடமும் இருக்கிறது. கல்லடி ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. காபன் உருக்குக் கத்தியைத் துடைத்து எண்ணெய் பூசாமல் வைத்தால், மாரி காலத்தில் ஒரே இரவில் துரு பிடித்துவிடும். போன மார்கழியில் ஒரு கிழமை வெளியூரில் நின்றேன். வந்து பார்த்தால் நுனிக்கு அருகே துரு விழுந்து, துடைத்தபோது வாயில் ஊசிமுனை அளவு ஒரு பல், அதாவது சின்ன உடைவு, விழுந்திருந்தது. கல்லில் நிதானமாகத் தீட்டினால் எடுக்கக்கூடிய பல். முன்பு இதையெல்லாம் ஆரையம்பதியில் சலூன் வைத்திருந்த ஒரு பெரியவர் செய்து தருவார். அவருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது, கண் பார்வையும் குறைவு. சலூன்களில் எல்லாரும் பிளேட்டை இரண்டாக முறித்துக் கொளுவும் கத்திக்கு மாறிவிட்டார்கள். பாதி பிளேட்டை ஆளுக்கு ஆள் மாற்றி எறிவது சுத்தத்துக்கு நல்லதுதான், ஆனால் அதோடு கல்லில் தீட்டத் தெரிந்த கைகளும் இல்லாமல் போய்விட்டன. அதனால்தான் விளம்பரத்தைப் பார்த்ததும் நம்பினேன்.

கடையில் கொடுக்கும்போது கேட்டேன், "கல்லிலயா தீட்டுவீங்க?" என்று. "கல்லுதான் அண்ணன். எட்டாயிரம், பன்னிரண்டாயிரம் நம்பர் கல்லெல்லாம் நம்மகிட்ட இருக்கு" என்றார். இலக்கம் கூடக் கூடக் கல் நைசாக இருக்கும். இலக்கங்களை அவர் சரியாகச் சொன்னதும் எனக்கு நிம்மதி. கல்லைக் காட்டுங்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. உள்ளே மோட்டர் இரைந்துகொண்டிருந்ததும் காதில் விழுந்தது. அது வேறு வேலைக்கு என்று நானே நினைத்துக்கொண்டேன்.

நாலு நாளில் தந்தார்கள். கண்ணாடி போல மினுங்கியது. முகம் பார்க்கலாம். உண்மையைச் சொன்னால் கடையில் நின்று பார்த்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து மேசை விளக்கின் கீழ் பிடித்தபோதுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அலகுக்கும் பிடிக்கும் இடையில் உள்ள அடித்தண்டில் இருந்த செஃபீல்ட் முத்திரையில் பாதி அழிந்துவிட்டது. முதுகு ஒரு பக்கம் சரிவாகத் தேய்ந்திருந்தது. வாயை நேரே கண்ணுக்குப் பிடித்தால், கூர் இருக்கும் இடத்தில் வெளிச்சம் படக் கூடாது, கறுப்பாகத்தான் இருக்க வேண்டும். இதில் பிடிப் பக்கக் குதியிலிருந்து நுனி வரை வெள்ளைக் கோடு ஒன்று ஓடியது. நுனியில், பின்பக்கம், பொலிஷ் போகாத மூலையில் மயில் கழுத்து நிறத்தில் நீலம்.

அப்போதும் மனம் கேட்கவில்லை. வாரில் அறுபது தரம் இழுத்து, நுரை போட்டு, கன்னத்தில் வைத்தேன். முப்பது பாகை சரிவில் மயிர் போகும் திசையில்தான் இழுத்தேன். அறுக்கவில்லை, பிடுங்கியது. தாடையின் வளைவில் தோலைக் கொத்தியது. சீனாக்காரக் கட்டியை வைத்து அழுத்தியும் இரத்தம் நிற்கக் கன நேரம் எடுத்தது. ஆறு வருடத்தில் அந்தக் கத்தி என்னை அப்படி வெட்டியதே இல்லை.

அடுத்த நாள் ஆரையம்பதிக்குக் கொண்டு போனேன். பெரியவர் கண்ணால் பார்க்கவில்லை. விரலால் முதுகைத் தடவினார், பிறகு கட்டைவிரல் நகத்தின் மேல் வாயைப் படுத்து மெல்ல அழுத்தினார். நல்ல கத்தியின் வாய் நகத்தின் மேல் சற்று வளைந்து, எடுத்ததும் பழையபடி நிமிர்ந்துவிடும். இது வளைந்த இடத்திலேயே நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். "மனே, இத மெசின்ல பிடிச்சிருக்கானுகள். பதம் போயிட்டு. இனி எந்தக் கல்லுல போட்டாலும் கூர் நிக்காது" என்றார். மடக்கி என் கையில் தந்துவிட்டு, "ஆர்ர கத்தி மனே இது?" என்று கேட்டார். சொன்னேன். அவர் ஒரு காலத்தில் தீட்டிய கத்திதான் அது.

ஏன் திருத்த முடியாது என்று பலர் கேட்டார்கள். காபன் உருக்கைக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்கிய பிறகு, ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் வரை மெல்லச் சூடாக்கிப் பதம் வைப்பார்கள். கம்மாலையில் கத்திக்கும் உளிக்கும் செய்கிற அதே வேலைதான், சவரக்கத்திக்குப் பதம் இன்னும் நுணுக்கம். அந்தச் சூட்டுக்கு மேலே போனால் உருக்கு இளகத் தொடங்கும். நீலம் ஓடினால் 300 பாகைக்குக் கிட்டப் போய்விட்டது என்று அர்த்தம். வாய்ப் பக்கம் அவ்வளவு மெல்லியது என்பதால் தண்ணீர் இல்லாமல் எமரி வீலில் சில நொடி பிடித்தாலே போதும். பிறகு பஃபிங் வீலில் போட்டு நிறத்தை அழித்துவிடலாம், மினுக்கலாம். போன பதம் வராது. மினுக்கித் தருகிறார்களே என்று நாம் மகிழ்வதற்குள் சேதம் மறைந்துவிடுகிறது. மூலையில் அந்த நீலம் மிஞ்சியிராவிட்டால் எனக்கும் கையில் ஆதாரம் இருந்திருக்காது.

முதுகு தேய்ந்தது அதைவிடப் பெரிய பிழை. சவரக்கத்தியைக் கல்லில் தீட்டும்போது முதுகும் வாயும் ஒன்றாகக் கல்லில் படுத்திருக்க வேண்டும். கோணத்தைத் தீட்டுபவரின் கை தீர்மானிப்பதில்லை, முதுகின் தடிப்புத்தான் தீர்மானிக்கிறது. என் கத்தி 16 மில்லிமீற்றர் அகலம், முதுகு 4.4 மில்லிமீற்றர் தடிப்பு. கோணம் ஏறத்தாழ 16 பாகை. லேத் வைத்திருக்கும் நண்பனிடம் கொடுத்து வேர்னியரில் அளந்தேன். இப்போது அகலம் 13.5, முதுகு 3.1. கோணம் 13 பாகைக்கு இறங்கிவிட்டது. அந்த மெல்லிய வாய் மயிரின் மேல் தாங்காது. ஊசிமுனைப் பல் ஒன்றை எடுக்க இரண்டரை மில்லிமீற்றர் உருக்கைத் தின்றிருக்கிறார்கள். கல்லில் நிதானமாகத் தீட்டியிருந்தால் அவ்வளவு தேய்ந்திருக்காது.

கத்தியோடு திரும்பக் கடைக்குப் போனேன். முதலில் "பழைய இரும்பு அண்ணன், அப்பிடித்தான்" என்றார்கள். நீலத்தைக் காட்டினேன். குரல் மாறியது. "கோவிக்காதீங்க. இத வைங்க, ஃபுல் பித்தளை, ஆறாயிரத்து ஐந்நூறு ரூபா சாமான்" என்று ஒரு சேஃப்டி றேசரைத் தந்தார்கள். வாங்கியிருக்கக் கூடாது. வாங்கியதும் விஷயம் முடிந்தது என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

பன்னிரண்டாம் நாள் புது பிளேட் போட்டு இறுக்கும்போது, மேல் மூடியிலிருந்து இறங்கும் திருகாணி அடியோடு முறிந்து கையில் வந்தது. முறிந்த முகத்தைப் பார்த்தேன். சாம்பல் நிறம், சீனி உடைந்தது போல மணி மணியாக. பித்தளையாக இருந்தால் மஞ்சளாக இருக்க வேண்டும், இப்படிப் பட்டென்று முறியவும் மாட்டாது. இது துத்தநாகத்தில் நாலு வீதமளவு அலுமினியம் கலந்து அச்சில் வார்த்து மேலே குரோமியம் பூசியது. துத்தநாக வார்ப்பு றேசர் எல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை. நல்ல கம்பனிகளும் அதில் தலை வார்க்கின்றன, அளவாக இறுக்கி ஈரமில்லாமல் வைத்தால் கன காலம் இருக்கும். அதற்குரிய விலையில் அதன் பெயரைச் சொல்லி விற்றால் எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. பித்தளை என்று சொல்லி விற்பதுதான் களவு. காந்தம் வைத்துப் பார்த்து ஏமாற வேண்டாம், பித்தளையிலும் ஒட்டாது, துத்தநாகத்திலும் ஒட்டாது. மூடியைக் கழற்றித் திருகாணியின் புரியைப் பாருங்கள், பூச்சு தேய்ந்த இடத்தில் மஞ்சள் தெரிகிறதா என்று. கையில் கனத்தையும் பாருங்கள். ஒரே அளவில் பித்தளை துத்தநாகத்தைவிடக் காற்பங்குக்கு மேல் பாரம். பழைய ஜிலெட் றேசர் யார் வீட்டிலாவது இருந்தால் ஒருமுறை கையில் தூக்கிப் பழகுங்கள், பிறகு கை தானாகச் சொல்லும்.

அதே கடையில் 2,800 ரூபாவுக்குச் "சோலிங்கன்" என்று பொறித்த மடக்குக் கத்திகளும் அடுக்கி வைத்திருந்தார்கள். செய்தவரின் பெயர் இல்லை, ஊர்ப் பெயர் மட்டும். ஜேர்மனியில் அந்த ஊர்ப் பெயரை 1938 முதல் சட்டம் போட்டுக் காக்கிறார்கள். வேறு இடத்தில் செய்த கத்தியில் அதைப் போட முடியாது. அந்த விலைக்கு அசல் வராது. தொடாதீர்கள்.

கத்தி கொடுக்கப் போகிறவர்கள் தீட்டும் கல்லைக் கண்ணால் பாருங்கள். முன்னுக்கு நின்று தீட்டச் சொல்லுங்கள். கொடுக்கும் முன் இரண்டு பக்கமும், முதுகும், முத்திரையும் தெரிய ஃபோனில் படம் எடுங்கள், அளவுகோலைப் பக்கத்தில் வைத்து எடுங்கள். என்னிடம் பழைய படம் ஒன்று தற்செயலாக இருந்ததால்தான் முத்திரை அழிந்ததை நிறுவ முடிந்தது. பற்றுச்சீட்டில் என்ன வேலை என்று எழுதி வாங்குங்கள். என் சீட்டில் "ரிப்பேர்" என்று மட்டும் இருக்கிறது, "கல்லில் தீட்டுதல்" என்று இருந்திருந்தால் இன்று எனக்கு எவ்வளவு உதவியாக இருந்திருக்கும். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தொலைபேசி என்றால் 1977.

இதை எழுத இன்னொரு காரணம், நேற்று வாழைச்சேனையிலிருந்து ஒருவர் கதைத்தார். தகப்பனாரின் கத்திகள் இரண்டை இதே கடையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாராம், கடைக்காரர் இன்னும் அவற்றில் கை வைக்கவில்லையாம். காலை முதல் பஸ்ஸில் போய் எடுங்கள், கொடுத்த காசு போனாலும் பரவாயில்லை என்று சொன்னேன். அவரைப் போல இன்னும் யாராவது இருந்தால் நீங்களும் போய் எடுங்கள். மட்டக்களப்பிலோ, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்திலோ சவரக்கத்தியைக் கையால் கல்லில் தீட்டத் தெரிந்தவர் ஒருவராவது இருந்தால் சொல்லுங்கள். அந்த வாழைச்சேனைக்காரரின் கத்திகளைக் கொண்டு போக ஓர் இடம் வேண்டும்.