அடுக்ககத்து வாசலுக்கு எது: கல்மாவா, ஈர மாவா?

கோலம் இல்லாத வாசலைக் கண்டால் "என்னாச்சு?" என்று விசாரிப்பது நம் வழக்கம். துக்க வீட்டில் கோலம் இல்லை. திவசத்தன்று சடங்கு முடியும்வரை இல்லை. கோலம் இருந்தால் வீட்டில் எல்லாம் நலம். இந்தச் சேதியைப் பெங்களூரு அடுக்ககத்தின் வழவழ டைல்ஸிலும் சொல்லியாக வேண்டும்.

கல்லைப் பொடித்த கல்மாவில் வேகமாகப் போடலாம், எறும்பும் மொய்க்காது. சிமென்ட் வாசலில் பிரமாதம். டைல்ஸில் பிடிப்பில்லை, யாராவது நடந்தாலே கலையும். தரையை ஈரத்துணியால் துடைத்து, மினுமினுப்பு அடங்கியதும், முழுக்கக் காயுமுன் இழுத்தால் ஓரளவு ஒட்டும். தண்ணீர் நின்றால் கோடு கசிந்துவிடும்.

ஈர மாவுக்குப் பொறுமை வேண்டும். ஒரு கைப்பிடி பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நைசாக அரைத்து, மோர் பதத்தில் கரைக்கவும். சிறு துணியை அதில் நனைத்து விரல்களுக்குள் பிடித்து, லேசாகப் பிழிந்தபடி மோதிர விரல் வழியே இழை விடவும். கொரகொரப்பாக அரைத்தால் துணியில் திப்பி தங்கி இழை அறுந்து விழும். போடும்போது மங்கலாகத்தான் தெரியும், காய்ந்த பிறகே வெளுக்கும். அவசரப்பட்டு மாவைக் கெட்டியாக்குகிறவர்கள்தான் அதிகம்; அது காய்ந்து செதில் செதிலாகப் பெயரும்.

வளைந்து வளைந்து தன்னிடமே திரும்பும் சிக்குக் கோலத்துக்கு ஈர மாவுதான் அழகு. தினசரி அவசரத்துக்குக் கல்மாவே போதும். பண்டிகைக்குக் காவி தீட்டுவதானால் வெள்ளை இழை நன்றாகக் காயட்டும், இல்லையேல் இரண்டும் கலந்து இளஞ்சிவப்பாகிவிடும்.