ஹிமாலயன் 411 சஸ்பென்ஷன்: எண்ணூர், மணலி சாலைகளில் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

2016-ல் வந்து, 2023 கடைசியில் ஹிமாலயன் 450-க்கு வழிவிட்ட ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 411 பைக் வடசென்னையில் இன்னும் நிறைய ஓடுகிறது. பெயரில் இமயமலை இருந்தாலும், அதைக் கட்டும் கம்பெனியின் பழைய ஆலை திருவொற்றியூரில்தான். இப்போது பெரும்பாலும் செகண்ட் ஹேண்டில்தான் வாங்குகிறார்கள். வாங்கிய கையோடு கேட்கும் கேள்வியும் ஒன்றுதான்: பின்னாடி ஷாக்கை டைட் வைக்கலாமா, முன்னாடி ஸ்பிரிங்கை மாற்றலாமா? இரண்டுமே முதல் வேலை இல்லை. இந்தப் பக்கத்துச் சாலைகளில் சஸ்பென்ஷன் ஸ்பிரிங் பலம் போதாமல் கெடுவதைவிட, அசைய வேண்டிய இடம் இறுகிப்போய்க் கெடுவதுதான் அதிகம்.

எண்ணூர் விரைவுச் சாலையையே எடுத்துக்கொள்வோம். கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்று, நகர்ந்து, பிரேக் அடித்து, தார் அலை அலையாகத் தள்ளிப்போயிருக்கும். சக்கரத்தடம் பள்ளமாகவும் அதன் ஓரம் திட்டாகவும் இருக்கும். இந்த அலைகளில் தேவை வேகம்: ஒரு மேட்டில் அமுங்கிய சக்கரம் அடுத்த மேடு வருமுன் திரும்ப இறங்கியிருக்க வேண்டும். கொருக்குப்பேட்டை மாதிரி ரயில்வே கேட், ஒட்டுப்போட்ட தார், சாலை மட்டத்துக்கு மேலே துருத்தும் மேன்ஹோல் மூடி இவையெல்லாம் வேறு ரகம். கூர்மையான விளிம்பு, திடீர் அடி. மூன்றாவது, கடல். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை உப்புக்காற்று பக்கத்திலேயே இருக்கிறது. காட்டுப்பள்ளி தாண்டிப் பழவேற்காடு போகும் கடலோர வழியில் மணலும் சேர்ந்துகொள்ளும்.

வண்டியில் இருப்பது இவ்வளவுதான். முன்னால் 41 மி.மீ. ஃபோர்க், 200 மி.மீ. அசைவு, வெளியிலிருந்து திருக எதுவும் கிடையாது. பின்னால் லிங்க்கேஜுடன் (சக்கரத்தின் அசைவை ஷாக்குக்குக் கடத்தும் இணைப்புத் தண்டு) மோனோஷாக், அதாவது ஒற்றை ஷாக், சக்கர அசைவு 180 மி.மீ. அதில் ப்ரீலோட், அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவு, மட்டும் கூட்டலாம், குறைக்கலாம். 21 அங்குல முன்சக்கரம், 17 அங்குல பின்சக்கரம், இரண்டிலும் ட்யூப். எடை 200 கிலோவை ஒட்டி.

முதலில் அளக்க வேண்டும்

சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தினால் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும். ஆக்சில் நடுவிலிருந்து நேர் மேலே சீட்டுக்குக் கீழ் ஒரு இடத்தில் மார்க்கர் புள்ளி வைத்து, டேப்பால் அளந்து எழுதுங்கள். உதாரணத்துக்கு 600 மி.மீ. அடுத்து ஸ்டாண்டை எடுத்து, ஆள் ஏறாமல் வண்டியை நேராகப் பிடித்துக்கொண்டு அதே அளவு: 582. பிறகு ஹெல்மெட், பை, வழக்கமாகச் சுமப்பது எல்லாவற்றோடும் ஏறி, கால் இரண்டும் ஃபுட்ரெஸ்டில். ஒருவர் முன்னால் பிடிக்க, இன்னொருவர் அளக்க வேண்டும்: 546. முதல் இறக்கம் 18 மி.மீ., ஆள் ஏறிய இறக்கம் 54 மி.மீ. 180-ல் 54 என்றால் 30 சதவீதம். இந்தச் சாலைகளுக்குப் பொருத்தமான கணக்கு அதுதான்.

ஒரு நுணுக்கம் உண்டு. சீட்டை அமுக்கி மெல்ல விட்டு ஒரு தடவை, பின்பக்கத்தைத் தூக்கி மெல்ல விட்டு ஒரு தடவை அளந்து, இரண்டின் சராசரியை எடுக்க வேண்டும். லிங்க்கேஜும் சீலும் உரசுவதால் இரண்டும் ஒன்றாக வராது. வித்தியாசம் 3, 4 மி.மீ. என்றால் கவலையில்லை. 10-ஐத் தாண்டினால் எங்கோ பேரிங் காய்ந்து கிடக்கிறது. அதைச் சரிசெய்யாமல் வேறெதையும் தொடாதீர்கள்.

ஆள் ஏறிய இறக்கம் 54-க்கு மேல் போனால் ப்ரீலோட் ஒரு படி கூட்டலாம். ஆனால் கூட்டி 54-க்குக் கொண்டுவந்த பிறகு, ஆள் ஏறாத இறக்கம் 5 மி.மீ.-க்கும் கீழே போய்விட்டதா என்று பாருங்கள். போயிருந்தால் உங்கள் எடைக்கு அந்த ஸ்பிரிங் மென்மையானது. அப்போதுதான் ஸ்பிரிங் மாற்றும் பேச்சே. மாறாக 30 மி.மீ.-க்கு மேல் நின்றால் ஸ்பிரிங் உங்களுக்குத் தேவைக்கு மேல் கெட்டி.

'இன்னும் ரெண்டு புள்ளி டைட் வெச்சுடு பா'

ஒர்க்‌ஷாப்பில் அடிக்கடி காதில் விழும் வரி இது. ப்ரீலோட் கூட்டினால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடும் என்ற நினைப்பில் சொல்வது. ஸ்பிரிங் கெட்டியாவதில்லை, வண்டி உயர்ந்து நிற்கிறது, அவ்வளவே. அளவுக்கு மீறி இறுக்கினால் ஆள் ஏறாத இறக்கம் பூஜ்யத்துக்கு வந்துவிடும். அப்புறம் பள்ளம் வந்தால் சக்கரம் கீழே இறங்க இடமே இருக்காது. ஒரு நொடி அந்தரத்தில் தொங்கி, எதிர் விளிம்பில் போய் மோதும். சீட் இடுப்பில் உதைக்கும். 'ஷாக் போயிடுச்சு' என்று புது மோனோஷாக் வாங்குகிறார்கள். பழையதை இரண்டு படி தளர்த்தியிருந்தால் அந்தச் செலவு மிச்சம்.

பின்னால் ஆள் ஏற்றும் நாளில் கூட்டுங்கள், இறக்கிவிட்ட பின் குறையுங்கள். கொக்கி ஸ்பேனர் டூல்கிட்டில் இருக்கட்டும். இறுக்கும் முன் காலரின் பற்களைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, சொட்டு எண்ணெய் விடுவது நல்லது. மணலோடு திருகினால் பல் மழுங்கும். பின்பக்கம் உயரும்போது ஹெட்லைட் தாழும், அமர்ந்தால் எதிரே வரும் லாரிக்காரர் கண்ணில் அடிக்கும். ஆகவே விளக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்னால்: எண்ணெய்தான் டியூனிங்

இது சாதாரண டேம்பர் ராட் ஃபோர்க். எண்ணெய் சிறு துளைகள் வழியே போவதுதான் டேம்பிங், அதாவது ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் தடை. மெதுவான அசைவில் தடை குறைவாகவும், திடீர் அடியில் அளவுக்கு மீறியும் இருப்பது இந்த வகை ஃபோர்க்கின் சுபாவம். பிரேக் அடித்தால் மூக்கு குத்துகிறதே என்று கெட்டி எண்ணெய் ஊற்றினால், ரயில்வே கேட்டில் அந்த அடி முழுக்க மணிக்கட்டுக்கு வரும். லாரி அலைகளில் ஃபோர்க் திரும்ப எழ நேரமில்லாமல், அடுத்தடுத்து தாழ்ந்துகொண்டே போகும். எனவே எண்ணெயின் தரம் மேனுவல் சொல்கிறபடியே இருக்கட்டும். மாற்ற வேண்டியது மட்டத்தை.

என்ஜின் பிளேட்டுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கால் தூக்குங்கள். முன்சக்கரம், மட்கார்டு, பிரேக் காலிப்பரைக் கழற்றி, காலிப்பரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸில் தொங்கக் கூடாது. மேல் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, ஃபோர்க் வண்டியில் இருக்கும்போதே மூடியை லேசாக இளக்கிவிட வேண்டும். வெளியே எடுத்த பின் இளக்க முயன்றால் பிடிக்க இடமில்லை. மூடிக்கு அடியில் ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கும், முகத்தை நேர் மேலே வைக்காதீர்கள்.

எண்ணெயைக் கவிழ்த்து, நன்றாக ஏற்றி இறக்கி வடியவிடுங்கள். வருவது சாம்பல் நிறச் சேறு மாதிரி இருந்தால் உள்ளே புஷ் தேய்கிறது. காபியில் பால் கலந்த நிறம் என்றால் தண்ணீர் போயிருக்கிறது, மழைக்குப் பிறகு இங்கே இதுதான் அதிகம். புது எண்ணெய் ஊற்றி, காற்றுக் குமிழி போகும்வரை மெல்ல ஏற்றி இறக்கி, பத்து நிமிடம் நிறுத்துங்கள். ஸ்பிரிங் வெளியே, ஃபோர்க் முழுக்க அமுங்கிய நிலையில், குழாயின் மேல் விளிம்பிலிருந்து எண்ணெய் மட்டம் வரை உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். பெரிய சிரிஞ்சில் மெல்லிய குழாய் செருகி, தேவையான நீளத்தில் நிறுத்தி, அதிகமானதை உறிஞ்சி எடுப்பதுதான் சுலபம். ஃபோர்க்கின் இரு கால்களுக்கும் வித்தியாசம் 2 மி.மீ.-க்குள் இருக்க வேண்டும்.

மேனுவல் அளவில் ஓட்டிப் பாருங்கள். பெரிய பள்ளத்தில் 'டக்' என்று அடிவாங்கினால் 5 மி.மீ. எண்ணெய் கூட்டுங்கள். மேலே சிக்கும் காற்றின் இடம் குறைவதால் கடைசி மூன்றில் ஒரு பங்கு அசைவு மட்டும் கெட்டிப்படும், ஆரம்ப மென்மை அப்படியே இருக்கும். மொத்தம் 15 மி.மீ.-க்கு மேல் போகவேண்டாம். வெயிலில் காற்று விரிந்து அழுத்தம் சீலைத் தள்ளும், எண்ணெய் கசியும். நின்றவாக்கிலேயே ஃபோர்க் ரொம்பத் தாழ்கிறது என்றால் அது எண்ணெய்க் கணக்கு அல்ல. ஸ்பிரிங் மேல் ஸ்பேசர் வைக்க வேண்டும். இரு பக்கமும் 10 மி.மீ. கூட்டினால் ஏறத்தாழ 10 மி.மீ. உயரும்.

உப்பு, வெள்ளம், கோன் செட்

ஃபோர்க் குழாயை மூடும் ரப்பர் உறையை ('பூட்') எல்லோரும் பாதுகாப்பு என்று நம்புகிறார்கள். தூசிக்குச் சரி. ஆனால் 2023 டிசம்பர் மிக்ஜாம் மாதிரி வெள்ளத்தில் போய்வந்தால் அதே பூட் தண்ணீரையும் உப்பையும் உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். வெளியே பளபள, உள்ளே குழாயில் ஊசிமுனைத் துரு. ஒவ்வொரு அசைவிலும் அந்தத் துரு சீலின் உதட்டை அறுக்கும். தண்ணீரில் இறங்கிய அன்றே பூட்டின் கிளாம்ப்பைத் தளர்த்தி மேலே தூக்கி, நல்ல தண்ணீரால் கழுவி, துணியால் துடைத்து, சிலிகான் ஸ்ப்ரே லேசாக அடியுங்கள். துரு ஆரம்பித்திருந்தால் 1500 நம்பர் எமரி பேப்பரை எண்ணெயில் நனைத்து, முனையை மட்டும் மட்டமாக்கலாம். நகத்தில் தட்டுகிற குழி என்றால் குழாயையே மாற்ற வேண்டும். சீல் கசிந்தவுடன் புதுசு போடாதீர்கள். பழைய எக்ஸ்‌ரே ஃபிலிமில் ஒரு கீற்று வெட்டி, சீலுக்கும் குழாய்க்கும் நடுவே செருகிச் சுற்றி எடுத்தால், பல நேரம் மணல் துகள் வெளியே வந்து கசிவு நின்றுவிடும்.

லிங்க்கேஜ் பேரிங்கை 10,000 கி.மீ.-க்கு ஒரு தடவையும், ஆக்சில் மூழ்கிய தண்ணீருக்குப் பிறகும் பிரித்து, கெரோசினில் கழுவி, புது கிரீஸ் வைக்க வேண்டும். வாட்டர் சர்வீஸில் அழுத்தமாக அங்கே தண்ணீர் பீய்ச்ச விடாதீர்கள், கிரீஸைத் தள்ளி உப்பை உள்ளே வைப்பது அதுதான். கோன் செட்டை, அதாவது ஹேண்டில் திரும்பும் பேரிங்கை, சோதிக்க முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்த மாதிரி நின்றால் கோன் போய்விட்டது. ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் 'டொக்' என்றாலும் அதே கதை. ஃபோர்க் கெட்டுவிட்டது என்று வருகிற வண்டிகளில் பலவற்றுக்கு வியாதி கோன் செட்தான்.

மணலில்

பழவேற்காடு வழிக்கு சஸ்பென்ஷனில் எதையும் திருகத் தேவையில்லை. பின்பக்கம் சற்று அமர்ந்து, முன்சக்கரம் லேசாக இருப்பதுதான் நல்லது. ப்ரீலோட் ஏற்றிவிட்டுப் போனால் முன்சக்கரம் மணலை உழும். வேலை செய்வது காற்றழுத்தம்: முன்னால் 18, பின்னால் 20 பி.எஸ்.ஐ. 15-க்குக் கீழே போனால் ரிம்முக்குள் டயர் நழுவி, கூடவே ட்யூப் இழுபட்டு வால்வு வேரோடு கிழியும். தார் தொடும் இடத்திலேயே திரும்ப ஏற்ற ஒரு பம்ப் கையில் இருக்கட்டும். குறைந்த காற்றோடு லாரித் தடத்தில் ஓடினால் ரிம் நெளியும், ஸ்போக் தளரும்.

ஸ்பிரிங் வாங்க வேண்டியவர்கள் யார் என்பது மேலே அளந்த எண்களிலேயே தெரிந்துவிடும். பொதுவாக 90 கிலோவைத் தாண்டியவர்கள், எப்போதும் இருவராகப் போகிறவர்கள். செகண்ட் ஹேண்டில் பார்க்கிறீர்கள் என்றால் மீட்டரைப் பார்க்கும் முன் முன்பக்க பூட்டைத் தூக்கிப் பாருங்கள். கிளாம்ப்பைத் தளர்த்த விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் விலையில் இரண்டு ஃபோர்க் குழாயின் காசைக் கழித்துப் பேசுங்கள்.